இறுகாத நட்டு

மெர்கோங்கில் ஒரு கல்யாண மண்டபத்தில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில், மாலதி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். மாலதி, கோவிந்தண்ணனின் மகள். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களுக்கு வெட்டும் கட்டர்களைப் பொருத்திக் கொடுக்கும் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. ஓய்வு பெறும்வரை முப்பது சொச்சம் ஆண்டுகள் நான் செய்ததும் அதே வேலைதான்.

"அங்கிள், இப்ப எங்க ஸ்பேனரெல்லாம் இறுக்கினது போதும்னா அதுவே கிளிக்னு சத்தம் குடுத்துரும். அதுக்கு மேல கைய வைக்க வேண்டியதில்ல. உங்க காலத்துல இது இல்லலா, எப்படித் தெரிஞ்சிக்குவீங்க?"

எதிர் வரிசையில் கோவிந்தண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இலையிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் சொன்னார்: "சூசை கட்டுனா கட்டுனதுதான்லா. கேக்க வேண்டியதே இல்ல."

சூசை நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "கை சொல்லும்மா" என்று ஏதோ பெரிய வித்தைக்காரன் மாதிரி ஒரு பதிலைச் சொல்லி வைத்தேன். பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அங்கிருந்து வெளியே வந்து மண்டபத்தை இரண்டு சுற்று சுற்றினேன். கை சொல்லும், சரி. என் கை ஒருமுறை பொய் சொல்லியிருக்கிறது. அதை அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் வந்ததுதான் இத்தனை நாளாக என்னை உட்கார விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். கோயிலில் பிரசங்கம் நீண்டால் வெளியே போய் சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு வருவேன். சுங்கை லாலாங் ரப்பர் எஸ்டேட்டில் அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டினார்கள், மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. நானும் ஒரு வருடம் வெட்டிப் பார்த்தேன். பால் சொட்டுச் சொட்டாக மங்குக் கிண்ணத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகவில்லை. தொழிற்பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தேன். அங்கே அரம் பிடிக்கவும் அளவெடுக்கவும் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் நடுவில் சுங்கைப் பட்டாணியில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். ரப்பர் செருப்புக்கும் காலணிக்கும் அடிப்பாகம் வார்க்கிற இரும்பு அச்சுகளைச் செய்கிற பட்டறை. அங்கே மில்லிங் மெஷினில் நின்றவர்தான் கோவிந்தண்ணன். என்னைவிட ஆறு வயது மூத்தவர், எங்கள் எஸ்டேட்காரர். அவருடைய ஹோண்டாவின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் பத்து வருடம் வேலைக்குப் போனேன்.

எங்கள் வேலைமுறை இதுதான். மெஷினில் நிற்பவர் கட்டரைப் பொருத்துவதில்லை. காலையில் நான் ஒவ்வொரு ஹோல்டரையும் மேசையிலுள்ள தாங்கியில் செருகி, கட்டரை வைத்து, நட்டை இறுக்கி, தள்ளுவண்டியில் வரிசையாக நிறுத்திவிடுவேன். ஹோல்டர் என்பது மெஷினின் வாய்க்குள் போய் உட்கார்ந்து கட்டரைப் பிடித்துக்கொள்கிற இரும்புக் கூம்பு. கோவிந்தண்ணன் வந்து எடுத்து மாட்டிக்கொள்வார். நான் இறுக்கியதை அவர் மறுபடி இறுக்கிப் பார்ப்பது எங்கள் பட்டறையில் மரியாதைக் குறைவு. அப்படி ஒரு பழக்கம் எப்போதோ வந்து ஒட்டிக்கொண்டது. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் துணி எடுக்க வேண்டும். கூம்பைத் துடைக்க வேண்டும், நட்டின் உட்புறத்தைத் துடைக்க வேண்டும். தலைமுடி அளவு இரும்புத் தூள் இருந்தாலும் கட்டர் தள்ளாடும். பிறகு ஸ்பேனர். சுவரில் ஒரு பலகை, அதில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் வெள்ளைப் பெயின்டில் வரைந்து, அந்த உருவத்தின்மேல் அதனதன் ஸ்பேனர் தொங்கும். காலியான உருவம் கண்ணில் பட்டால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் ஹோல்டர் நட்டுகள் உருண்டை. விளிம்பில் வெட்டுகள் இருக்கும், அதில் கொக்கி ஸ்பேனரின் பல் போய் உட்கார வேண்டும். பாதிப் பல் உட்கார்ந்தால் போதாது. வளைவு முழுக்க நட்டைத் தழுவ வேண்டும். வைத்துவிட்டு லேசாக ஆட்டிப் பார், டக் டக் என்றால் அது அந்த நட்டின் ஸ்பேனர் இல்லை. இடது கட்டைவிரலால் கொக்கியை நட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் உன் பக்கம் இழுக்க வேண்டும். தள்ளக் கூடாது. தள்ளி, வழுக்கி, தாங்கியின் முனையில் முட்டி பெயர்ந்த தழும்பு எனக்கு வலது கையில் இருக்கிறது. அது முதல் வாரத்திலேயே வாங்கியது.

இதையெல்லாம் சொல்லித் தராமலே பழக வைத்தவர் எங்கள் சூப்பர்வைசர் மிஸ்டர் லிம். ஒல்லி மனிதர். பால் டின்னில் கயிறு கட்டி வாங்கி வருகிற கோப்பியை மத்தியானம் வரை வைத்துக் குடிப்பார். தமிழில் மூன்று வார்த்தை தெரியும்: சரி, சரியில்லே, சாப்பாடு. மற்றதெல்லாம் மலாய். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஒருமுறை யாரோ கொக்கி ஸ்பேனரின் பிடியில் பைப் செருகி இறுக்கினார்கள். நட்டு வெடித்துவிடும் என்று அதற்குத் தடை இருந்தது. லிம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பைப்பை எடுத்துப் போய் ரம்பத்தில் விரல் நீளத்துக்கு நறுக்கி, சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு துண்டு வைத்துவிட்டுப் போனார்.

ஒவ்வொரு காலையும் என் தள்ளுவண்டிக்கு வருவார். ஏதாவது ஒரு ஹோல்டரை எடுத்துத் தாங்கியில் செருகி, நான் இறுக்கியதைக் கழற்றுவார். இறுக்கிப் பார்க்க மாட்டார், கழற்றித்தான் பார்ப்பார். நட்டு எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறது என்பதில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். பிறகு "பூக்கா பாலிக்" என்று ஹோல்டரை என் இடது பக்கம் வைத்தால், கழற்றித் திரும்பச் செய் என்று அர்த்தம். வலது பக்கம் வைத்தால் சரி. எட்டு வருடத்தில் என் மனசு அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவிலேயே கிடந்து அல்லாடியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுவகை ஹோல்டர் இரண்டு வந்தன. இங்கேதான் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். பழைய ஹோல்டரில் கட்டரின் வால்பக்கம் மரை இருக்கும். நாம் நிதானமாக இறுக்கினால் போதும். மெஷின் வெட்ட வெட்ட, கட்டர் அந்த மரையில் ஏறித் தானே இன்னும் இறுகிக்கொள்ளும். புதுசில் மரை கிடையாது. கட்டரின் வால் மொழுமொழுவென்று இருக்கும். கீறல் விட்ட ஒரு எஃகுக் குழல், அதற்குக் கோலெட் என்று பெயர், அதுதான் நட்டின் அழுத்தத்தால் சுருங்கி கட்டரைக் கவ்வும். நாம் கொடுத்த இறுக்கம்தான் அதற்கு இறுக்கம். வெட்டும்போது தானாக இறுகாது. இறுக்கம் குறைந்தால் கட்டர் மெல்ல மெல்ல வெளியே இறங்கிவிடும். அதற்காகவே நீளக் கைப்பிடி வைத்த ஸ்பேனர் ஒன்று கூடவே வந்தது. அதை இழுக்கும்போது ஒரு காலைப் பின்னால் வைத்து உடம்பின் கனத்தையும் கொடுக்க வேண்டும்.

அந்த ஒரே ஸ்பேனரை லிம் தன் மேசை டிராயரில் பூட்டி வைத்தார். காரணம் இருந்தது. எங்கள் பட்டறையில் நல்ல கொக்கி ஸ்பேனர் எதுவும் நிலைத்ததில்லை. மோட்டார் சைக்கிள் ஹேண்டில் நட்டை இறுக்க வாகாக இருக்கும் என்று யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதனால் புது ஸ்பேனர் வேண்டுமென்றால் லிம் மேசை முன்னால் போய் நிற்க வேண்டும். எந்த ஹோல்டர், என்ன அளவு கட்டர், எந்த இரும்பு என்று மூன்றும் கேட்டுவிட்டுத்தான் சாவியை எடுப்பார். நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை லிம் தொலைபேசியில் இருந்தார். மேசை முன்னால் நின்றேன். பேசினார். கால் மாற்றி நின்றேன். இன்னும் பேசினார். கையைக் காட்டி இரு என்றார். எனக்கு ஒன்பது ஹோல்டர் பாக்கி. திரும்பி வந்து பலகையிலிருந்து பழைய குட்டைக் கொக்கியை எடுத்தேன். புது நட்டின் வெட்டில் அதன் பல் முக்கால்வாசி உட்காரும். ஆட்டினால் டக் டக் என்றது. அது என் காதில் விழுந்தது, விழவில்லை என்று சொல்ல மாட்டேன். பழைய ஹோல்டருக்கு இழுக்கிற அளவுக்கு இழுத்தேன். கை 'போதும்' என்றது. எட்டு வருடமாக எங்கே போதும் என்று சொல்லப் பழகியதோ, அங்கேயே சொன்னது.

கோவிந்தண்ணன் அந்த ஹோல்டரை எடுத்து மாட்டினார். அவர் வெட்டிக்கொண்டிருந்தது ஒரு பெரிய காலணி அச்சு. அடிப்பாகத்துக் கோடுகள் நாற்பத்திரண்டு, ஒன்பது நாளாக வெட்டி, கடைசி ஐந்து கோடு பாக்கி. பத்து மணி வாக்கில் மெஷின் சத்தம் தடித்தது. நான் நிமிர்வதற்குள் அவர் நிறுத்திவிட்டார். ஆனாலும் பிந்திவிட்டது. கட்டர் ஹோல்டரிலிருந்து இறங்கி, வெட்டிக்கொண்டிருந்த கோட்டை வேண்டியதைவிட இரண்டு மடங்கு ஆழமாகத் தோண்டியிருந்தது. ஒன்பது நாள் வேலை போயிற்று.

லிம் வந்தார். எல்லோரும் அச்சைச் சுற்றி நின்றார்கள். கழற்றிய ஹோல்டர் என் மேசையில் கிடந்தது. அடுத்து அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அளந்து முடித்ததும் வந்து அந்த நட்டைக் கழற்றிப் பார்ப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் குனிந்து அளந்துகொண்டிருக்கும்போதே குட்டைக் கொக்கியை வைத்து நட்டைக் கழற்றினேன். தொட்டதும் வந்துவிட்டது. கட்டரை உருவி ஓரமாகப் போட்டேன். நட்டையும் கோலெட்டையும் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டேன். இத்தனை வருடத்தில் என் கைகள் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்ததில்லை.

லிம் நீள ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி வந்து தட்டைப் பார்த்தார்.

"சியாப்பா பூக்கா?" யார் கழற்றியது என்றார்.

"நான்தான். கழுவலாம்னு."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கட்டரை மட்டும் எடுத்துப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். கோவிந்தண்ணனிடம், மெஷினை வேகமாக ஓட்டினாயா என்று ஒரே கேள்வி. எப்போதும் போலத்தான் ஓட்டினேன் என்றார் அவர். அன்று மத்தியானமே அவரை மெஷினிலிருந்து எடுத்து, அரம் போடுகிற மேசையில் உட்கார வைத்தார்கள். முதலாளி பினாங்கில் இருந்தார். சனிக்கிழமை வந்து முடிவு சொல்வார், அநேகமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பேச்சு.

வீட்டுக்கு என்றால் எந்த வீட்டுக்கு? கோவிந்தண்ணனின் மனைவிக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்து நாற்பது நாள். அண்ணனின் பட்டறை வேலையை நம்பி அண்ணி பால்மர வெட்டை விட்டுவிட்டார்கள். எஸ்டேட்டில் வேலை செய்ய ஆள் இல்லையென்றால் எஸ்டேட் வீடும் இல்லை. மாதக் கடைசியில் காலி செய்துவிட்டுச் சுங்கைப் பட்டாணியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போக எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். மெஷின் போனால் இந்த வீடும் இல்லை, அந்த வீடும் இல்லை.

அன்று சாயங்காலம் பின்சீட்டில் உட்கார்ந்து போகும்போது பெடோங் தாண்டியதும் அவர் வண்டியை மெதுவாக்கினார்.

"கை கொஞ்சம் வேகமா போயிருக்குமோ தம்பி? பிள்ள ராத்திரியெல்லாம் தூங்க விடல. கண்ணு அசந்திருச்சோ என்னவோ."

"அண்ணே..." என்றேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

புதன், வியாழன், வெள்ளி. சோறு இறங்கவில்லை. அம்மா எனக்குக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்தார்கள். கோவிந்தண்ணன் அரம் போடுகிற மேசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நடந்து போகவே எனக்கு வெட்கமாக இருந்தது. தான் பெற்ற பிள்ளையின் அழுகைமேல் அவர் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார், நான் தினமும் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறேன். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

சனிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போனேன். அதே ஹோல்டரில், அதேபோல் ஒரு கட்டரை வைத்து, அதே குட்டைக் கொக்கியால் அதே அளவுக்கு இறுக்கினேன். லிம் வந்ததும் அவர் மேசையில் வைத்தேன். "பூக்கா" என்றேன். அவரிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதலும் கடைசியும்.

நீள ஸ்பேனரை எடுத்து நட்டில் வைத்தார். ஒரு விரலால் இழுத்தார். வந்துவிட்டது.

பிறகு டிராயரிலிருந்து அந்தப் பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். செவ்வாய்க்கிழமைக் கட்டர். அதன் வால் முழுக்கப் பளபளவென்று வளையம் வளையமாகத் தேய்ந்திருந்தது. பிடி இல்லாமல் சுற்றியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நட்டு இறுகவில்லை என்று அன்றைக்கே தெரியும், இறுக்கியவன் வருகிறானா என்று பார்த்தேன் என்று மலாயில் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. தெரிந்துகொண்டே அந்த மனிதரை நான்கு நாள் அரம் போட வைத்தாயா என்று கேட்க வாய் வந்தது. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆத்திரம் இன்றுவரை எனக்குப் போகவில்லை, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

முதலாளி வந்ததும், புது ஹோல்டரில் கோளாறு, ஆள்மேல் தப்பில்லை என்று மட்டும் லிம் சொன்னார். என் பெயர் வரவில்லை. அச்சின் மேல்முகத்தைச் சீவிவிட்டு மறுபடி வெட்ட இரும்பில் கனம் இருந்தது. கோவிந்தண்ணன் திங்கட்கிழமை மெஷினுக்குத் திரும்பினார். நீள ஸ்பேனர் டிராயரிலிருந்து பலகைக்கு வந்தது, அதற்கும் வெள்ளைப் பெயின்டில் உருவம் வரைந்தோம். ஒரு மாதம் முழுக்க லிம் தினமும் என் ஹோல்டர் ஒன்றை மட்டும் கழற்றவில்லை, எல்லாவற்றையும் கழற்றினார். எல்லாம் இடது பக்கம். ஒவ்வொன்றையும் நான் இரண்டாவது தடவை இறுக்கினேன். புதுச் சட்டம் போல என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

கோவிந்தண்ணனிடம் மட்டும் நான் சொல்லவே இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று அவர் வண்டியில் இன்னும் இரண்டு வருடம் போனேன். பிறகு எனக்கும் கல்யாணம் ஆயிற்று, சொந்தமாக வண்டி வாங்கினேன். இன்றைக்கும் படுக்கப் போகுமுன் கேஸ் மூடியை மூன்று தடவை திருகிப் பார்ப்பேன். "இன்னொரு தடவ திருகுனீங்கன்னா அது கையோட வந்துரும்லா" என்பாள் என் மனைவி. ஏன் திருகுகிறேன் என்று அவளுக்கும் தெரியாது.

மாலதி, அந்த நாற்பது நாள் பிள்ளை நீதான். உன் அப்பா கண் அசரவில்லை. உன் அழுகைக்கும் அந்த அச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதுவரை எழுதிவிட்டு, மாலதிக்குக் கொடுப்பதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டுவதுதான் முறை என்று நேற்று கூலிமுக்குப் போனேன். அண்ணி டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்கள். கோவிந்தண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நட்டைக் கழற்றித் தட்டில் போட்ட இடம் வந்தபோது நிறுத்தினேன். "படி" என்றார். கடைசிவரை படித்தேன்.

"நாப்பத்திரெண்டு கோடு இல்லடா, நாப்பத்தி நாலு" என்றார். "வெட்டுனவன் நான்."

"திருத்திடுறேண்ணே."

"நீதான்னு எனக்கு அப்பவே தெரியும். ஒரு மாசம் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவ கட்டிக்கிட்டு நின்ன, எனக்குக் கண்ணு இல்லையா?"

"ஏண்ணே ஒரு வார்த்த கேக்கல?"

அவர் கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"கட்டர் இறங்குறப்ப சத்தம் மாறும்லா, அது எனக்கு ரெண்டு கோடு முன்னாடியே கேட்டுச்சு தம்பி. நிப்பாட்டுவோம்னு சுவிட்சுக்குக் கை போச்சு. அப்புறம், சூசை கட்டுனதாச்சே, என்ன ஆகப் போவுதுன்னு கைய எடுத்துட்டேன்."

நான் எழுந்துவிட்டேன். எங்கே போவதற்கு என்று தெரியவில்லை, கால் வாசல் பக்கம் போயிற்று.

"எங்கடா ஓடுற? டீ ஆறுது, உட்காரு" என்றார். "மாலதி அஞ்சரைக்கு வந்துருவா. அவ கையில நீயே குடு."

சுவரில் மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. உட்கார்ந்தேன்.